'ஆவன செய்யப்படும்' என்றால் எவ்வளவு செய்வார்கள்?

நொய்யல்கரை (கேள்வி)

குடியிருப்போர் சங்கத்துக்காக மாதம் ஒரு நாலு பக்கச் செய்திமடல் போடுகிறோம். தொகுதி சம்பந்தமாகச் சட்டமன்றத்தில் கேள்வி வந்தால் அமைச்சரின் பதிலை நாலு வரியில் சுருக்கிப் போடுவது வழக்கம். சிக்கலே அந்தச் சுருக்கலில்தான். "அரசின் பரிசீலனையில் உள்ளது", "ஆவன செய்யப்படும்", "கொள்கை அளவில் ஏற்கப்பட்டுள்ளது", "நிதி ஆதாரத்திற்கேற்பப் படிப்படியாக" என்று எது வந்தாலும் தலைப்பு ஒன்றுதான்: "அமைச்சர் உறுதி". படிப்பவர்கள் அடுத்த மாதமே பொக்லைன் வந்து நிற்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

இந்தச் சொற்களுக்குள் தரவரிசை ஏதாவது உண்டா? எது வாக்குறுதி, எது வாயடைப்பு? அப்படியே இன்னொன்று: அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பேச்சை நாங்கள் அச்சிட்டால் வம்பு வருமா?

கேலிப் பதில் வேண்டாம். கேலி கலந்த பதில் என்றால் பரவாயில்லை.

---

கோப்புப்பூச்சி

தரவரிசை உண்டு. எங்கும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பதில் தயாரிக்கும் பிரிவில் இருப்பவர்களுக்கு அது மனப்பாடம்.

அதற்கு முன் ஒரு பிரிவினை. அவையில் வரும் பதில் இரண்டு வகை. ஒன்று, உறுப்பினர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வினாவுக்கான பதில். இது துறையில் கீழிருந்து மேலே நாலைந்து மேசை ஏறி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெயரடையை இழந்து வந்து சேர்வது. இதில் தவறிக்கூட ஒரு தேதி இருக்காது. இரண்டாவது, அந்தப் பதிலைத் தொடர்ந்து உறுப்பினர் அவையிலேயே கேட்கும் துணை வினாவுக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகச் சொல்வது. "மாண்புமிகு உறுப்பினரின் கோரிக்கையை இந்த ஆண்டே எடுத்துக்கொள்கிறோம்" மாதிரி வாக்கியங்கள் இங்கேதான் வரும். அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையைக் குனிந்து குறிப்பெடுக்கும் கணமும் இதுதான். ஆகவே செய்திமடலில் 'எழுத்துப் பதில்' என்றோ 'துணை வினாவுக்கான பதில்' என்றோ முதலில் குறியுங்கள்.

இனி வரிசை, அடியிலிருந்து.

"(அ) இல்லை. (ஆ) எழவில்லை." முதல் கேள்விக்கே இல்லை என்றாகிவிட்டதால் 'ஆம் எனில் எப்போது' என்ற இரண்டாம் கேள்வி எழவே இல்லையாம். அரசுத் தமிழிலேயே நேர்மையான வாக்கியம் இது. அடுத்தது "தற்போது அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை". இதுவும் இல்லைதான். 'தற்போது' மட்டும் தேர்தலுக்காகக் கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறது.

"சாத்தியக்கூறுகள் ஆராயப்படும்" என்றால் கோப்பு இன்னும் திறக்கவில்லை. "பரிசீலனையில் உள்ளது" என்றால் கோப்பு இருக்கிறது, யாரோ கொடுத்த மனுவுக்கு ஓர் எண் விழுந்திருக்கிறது. எந்த மேசையில், எத்தனை நாளாக என்பது தெரியாதவரை அதற்கு மேல் எதுவும் எழுதாதீர்கள்.

"ஆவன செய்யப்படும்" தனி ரகம். செய்பவர் இல்லை, செய்யப்படும் பொருள் இல்லை, நாள் இல்லை. ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டிய மூன்றையும் எடுத்துவிட்ட பிறகும் இலக்கணப் பிழையில்லாமல் நிற்கிறது பாருங்கள், அதுதான் அதன் பெருமை. துணை வினா நேரத்தில் உறுப்பினரை உட்கார வைப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

"கொள்கை அளவில் ஏற்கப்பட்டுள்ளது": பணம் தவிர மற்றதற்கெல்லாம் சம்மதம். "நிதி ஆதாரத்திற்கேற்பப் பரிசீலிக்கப்படும்": நிதித் துறையிடம் கேட்டாயிற்று, அவர்கள் மறுத்ததைத் துறை மரியாதையாகச் சொல்கிறது. பலர் இவற்றில் இரண்டாவதை மேலானதாக எடுத்துக்கொள்கிறார்கள். தலைகீழ்.

"விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் பணி நடைபெற்று வருகிறது" என்று வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். திட்ட அறிக்கைக்குக் கலந்தாலோசகர் வேண்டும், அவருக்குக் கட்டணம் வேண்டும், கட்டணத்துக்கு ஓர் ஆணை வேண்டும். அதாவது எங்கோ பணம் நகர்ந்திருக்கிறது. அதற்கு மேலே நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று படிகள். இந்தப் படிகளில் வினைமுற்று "-படும்" என்றிருக்காது, "-பட்டுள்ளது" என்றிருக்கும். பக்கத்தில் எண்ணும் நாளும் இருக்கும். இருக்க வேண்டும். எண் இல்லாமல் "ஒப்புதல் வழங்கப்பட்டுள்ளது" என்று மட்டும் சொன்னால் அதை ஒரு படி கீழே இறக்கி வாசியுங்கள்.

பாலம், சாலை விஷயமென்றால் "நில எடுப்புப் பணிகள் முடிவுற்றதும்" என்ற தொடரைத் தேடுங்கள். மேலே சொன்ன எல்லாப் படியையும் ஏறிய திட்டம்கூட இந்த ஒரு 'முடிவுற்றதும்' மீது தலைவைத்து ஆண்டுக்கணக்கில் தூங்கும்.

சட்டமன்ற விதிகளில் 110 விதியின் கீழ் வரும் அறிவிப்பு வேறு சாதி. முதலமைச்சரோ அமைச்சரோ பொது முக்கியத்துவம் வாய்ந்த பொருளில் அறிக்கை படிப்பார். அதன்மீது விவாதம் கிடையாது. கேள்வி கேட்க முடியாத இடத்தில் தொகையும் ஊர்ப் பெயரும் தாராளமாக வரும். தொகை இருப்பதால் மேலான வாக்குறுதிதான். ஆனால் அரசாணை வந்ததா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

---

மைய மண்டபம்

மேலே சொன்னதில் ஒன்றைத் திருப்பிப் போட வேண்டும். 'பரிசீலனையில் உள்ளது' என்பதை வெறும் நழுவல் என்று ஒதுக்காதீர்கள். நாடாளுமன்றக் கணக்கில் அது வாக்குறுதி.

மக்களவையில் 'அரசு உறுதிமொழிகள் குழு' என்று ஒன்று 1953 முதல் இருக்கிறது. 15 உறுப்பினர்கள், அமைச்சர் யாரும் அதில் இருக்கக் கூடாது. மாநிலங்களவைக்குத் தனியாக 10 பேர் கொண்ட குழு. அமைச்சர்கள் அவையில் சொன்னவற்றில் எதெது உறுதிமொழி என்று பொறுக்கியெடுத்து, நிறைவேறியதா என்று துரத்துவதுதான் வேலை. இதற்காக எந்தெந்த மாதிரித் தொடர்கள் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்று ஒரு நிலையான பட்டியலே வைத்திருக்கிறார்கள். விஷயம் பரிசீலனையில் உள்ளது, கவனிக்கிறேன், விசாரித்துக்கொண்டிருக்கிறோம், தகவல் திரட்டி அவையில் வைக்கிறேன், என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன், மாநில அரசுகளுக்கு எழுதுகிறேன் எல்லாம் அதில் அடக்கம். ஒருவரை நாசூக்காக அனுப்பிவைக்க உலகத்தில் பயன்படுகிற வாக்கியங்களை எல்லாம் திரட்டி, இவற்றைச் சொன்னால் சொன்னபடி செய்தாக வேண்டும் என்று எழுதிவைத்த ஒரே ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.

நடைமுறை இப்படி: நாடாளுமன்ற விவகார அமைச்சகம் அவைப் பதிவுகளிலிருந்து உறுதிமொழிகளைப் பிரித்தெடுத்து அந்தந்த அமைச்சகத்துக்கு அனுப்பும். சொன்ன நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி, அறிக்கையை அவையில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் காரணம் சொல்லிக் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். நிறைவேற்றவே முடியாதென்றால் கைவிட அனுமதி கேட்க வேண்டும். இரண்டையும் கொடுப்பதா வேண்டாமா என்பது குழுவின் கையில். நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வாங்கி வருடங்கள் ஓடுவதும் சகஜம்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் கணக்கில் நிலுவை என்று நிற்கும்.

இதன் பின்விளைவு என்ன தெரியுமா? பட்டியலில் சிக்காத வாக்கியங்களைத் தயாரிப்பது ஒரு தனிக் கலையாகிவிட்டது. எதிர்காலத்தைத் தொடாமல், நடப்பதை மட்டும் சொல்வது. "இத்தகைய திட்டங்களை மேற்கொள்வது தொடர்ச்சியான நடைமுறையாகும்" என்று வரும். நெடுஞ்சாலையோ ரயிலோ, கேட்டது எதுவானாலும் அது ஒரு 'தொடர்ச்சியான நடைமுறை'. இதில் உறுதிமொழி எதுவும் கிடையாது. குழுவும் பிடிக்க முடியாது. ஆக, தில்லியில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தால் ஒரு நூல் பிடி கிடைத்தது என்று அர்த்தம். 'தொடர்ச்சியான நடைமுறை' என்று வந்தால் அந்த நூலையும் அறுத்துவிட்டார்கள்.

தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கு வருவார்கள். உள்ளூர்ப் பதிப்பில் 'சட்டமன்ற உறுதிமொழிக் குழு ஆய்வு' என்று படத்தோடு வரும் செய்தி இதுதான். உங்கள் செய்திமடல் செய்யக்கூடிய உருப்படியான வேலை: பதில் சொன்ன நாள், வினா எண், அமைச்சர் சொன்ன தொடர் (சுருக்காமல்) மூன்றையும் குறித்துவைத்து, குழு வரும்போது உங்கள் சட்டமன்ற உறுப்பினர் மூலம் அதை நினைவூட்டுவது. 'அப்போது சொன்னாரே' என்று போனால் காது கொடுக்க மாட்டார்கள். நாளும் எண்ணும் இருந்தால் கோப்பைத் தேடித்தான் ஆக வேண்டும்.

இதையும் பேரவையின் மனுக்கள் குழுவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பொதுமக்களிடம் நேரடியாக மனு வாங்கும் குழு. மாவட்டத்துக்கு வரும்முன் ஆட்சியர் அலுவலகம் வழியாக அறிவிப்பு வரும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. சாலை, குடிநீர், தெருவிளக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் ஏற்க மாட்டார்கள். நகல் எத்தனை, கடைசி நாள் எது என்பதெல்லாம் அந்த அறிவிப்பிலேயே இருக்கும்.

---

வாலாயம்

செயப்பாட்டு வினையை வைத்து அரசாங்கத்தைக் கிண்டல் செய்வது எல்லாருக்கும் பிடித்த விளையாட்டு. பாதி நியாயம்தான். அரசியலமைப்பின் 166ஆவது பிரிவுப்படி மாநில அரசின் நிர்வாக நடவடிக்கை எல்லாமே ஆளுநர் பெயரால் எடுக்கப்படுவதாகச் சொல்லப்பட வேண்டும். எந்த அரசாணையின் அடியிலும் "(ஆளுநரின் ஆணைப்படி)" என்று அடைப்புக்குறிக்குள் இருப்பது அதனால்தான். சட்டப்படியே செய்பவர் ஒளிந்துதான் இருக்க வேண்டிய இடத்தில் 'யார் செய்வது என்று சொல்லவில்லையே' என்று கேட்டு என்ன பயன்?

எனவே அரசாணையை வாசிக்கும்போது எழுவாயைத் தேடாதீர்கள். கீழ்க்கண்ட இடங்களைத் தேடுங்கள்.

தலைப்பில் அரசாணை (நிலை), (வாலாயம்), (டி) என்று ஏதோ ஒன்று இருக்கும். கொள்கை முடிவு, புதுத் திட்டம் எல்லாம் பெரும்பாலும் 'நிலை'யில் வரும். அன்றாட அலுவல்கள் 'வாலாயம்', அதாவது வழக்கமானது. அதன் கீழே 'படிக்கப்பட்டவை' என்று பழைய ஆணைகள், கடிதங்களின் வரிசை. கோப்பு எங்கிருந்து கிளம்பியது, எத்தனை முறை திரும்பிப் போனது என்பது அந்த நாள்களை வரிசையாகப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு கடிதங்களுக்கு நடுவே பதினான்கு மாதம் இருந்தால் அங்கேதான் கதை.

பிறகு உடல். முதல் பத்தியில் அறிவிப்பு, நடுவில் துறைத் தலைவர் கேட்டது, கடைசிப் பகுதியில் "அரசு கவனமாகப் பரிசீலித்து" என்று ஆரம்பித்து எட்டுப் பத்து வரி ஓடி "ஆணையிடுகிறது" என்று முடியும் ஒரே வாக்கியம். அவசரமென்றால் அந்த ஒரு வாக்கியம் போதும். துறைத் தலைவர் கேட்ட தொகையும் ஆணையிட்ட தொகையும் ஒன்றா என்று மட்டும் ஒப்பிடுங்கள். செய்தியாளர்கள் அவசரத்தில் நடுப்பத்தித் தொகையை எடுத்து 'ஒதுக்கீடு' என்று போட்டுவிடுவது உண்டு. கேட்டது வேறு, கொடுத்தது வேறு.

கடைசியில் நிதித் துறையின் அ.சா.கு. எண். அலுவல் சார்பற்ற குறிப்பு என்பதன் சுருக்கம். "இவ்வாணை நிதித் துறையின் அ.சா.கு. எண் இன்னது, நாள் இன்னதில் பெறப்பட்ட இசைவுடன் வெளியிடப்படுகிறது" என்று வரும். அதையொட்டி எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு எழுத வேண்டும் என்றும் இருக்கும். பணச் செலவுள்ள ஆணையில் இந்த இரண்டும் இல்லையென்றால் அந்த ஆணை இன்னும் வாழ்த்து அட்டைதான்.

அலுவலகத் தமிழின் மரியாதைச் சொற்களையும் தலைகீழாகவே வாசிக்க வேண்டும். "மாவட்ட ஆட்சியர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்றால் கெஞ்சுவதாக நினைக்காதீர்கள், கட்டளை. "அறிவுறுத்தப்படுகிறார்" என்றால் ஏற்கெனவே ஒருமுறை கேட்டாயிற்று. "இதில் தனிக் கவனம் செலுத்துமாறு" என்று வந்தால் மேலிடத்தில் யாரோ கோபமாக இருக்கிறார்கள்.

---

ஒற்றுப்பிழை

'லாம்' என்ற விகுதி ஒரு மாநிலத்தின் அரசியலையே புரட்டிப் போட்டதைச் சொல்லாமல் இந்த இழையை விட முடியாது.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து 15 ஆண்டு, அதாவது 1965 ஜனவரி 26 வரை மத்திய அரசு அலுவல்களில் ஆங்கிலம் இருக்கும், அதற்குப் பிறகு? 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது. ஆங்கில மூலத்தில் 'மே'. 'ஷல்' என்று போடு என்பது தி.மு.க.வின் வாதம். படலாம் என்றால் படாமலும் போகலாம் அல்லவா? இந்த இடத்தில் 'மே' என்பதும் 'ஷல்' மாதிரிதான் என்று அரசுத் தரப்பில் சமாதானம் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றால் மாற்றி எழுதிவிட்டால் என்ன என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. பிறகு 1965இல் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

1967 டிசம்பரில் திருத்தம் நிறைவேறியது. வேலைப்பாடு அங்கேதான். ஆங்கிலத்தின் பயன்பாட்டை நிறுத்த வேண்டுமென்றால், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் தீர்மானம் போட வேண்டும். அவற்றைப் பார்த்த பிறகு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் தனித்தனியே தீர்மானம் போட வேண்டும். 'என்றென்றும்' என்ற சொல்லே இல்லாமல் என்றென்றைக்கும் என்று எழுதுவது இப்படித்தான். சட்டத்தில் சத்தமான சொற்களுக்கு வேலை குறைவு, நிபந்தனைகளுக்குத்தான் வேலை.

இதே குடும்பத்தில் 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள். தொடக்கத்திலேயே, இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று இருக்கிறது. மற்ற மாநிலங்களை எல்லாம் அ, ஆ, இ மாதிரி மூன்று மண்டலமாகப் பிரித்து எந்த மொழியில் கடிதம் எழுதுவது என்று நுணுக்கமாகச் சொல்லும் விதிகள், ஒரு மாநிலத்தை மட்டும் முதல் வரியிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுகின்றன.

அரசியலமைப்பின் 343ஆவது பிரிவையும் ஒருமுறை படியுங்கள். மொழி இந்தி, எழுத்து தேவநாகரி என்று சொல்லிவிட்டு, எண்கள் மட்டும் 'இந்திய எண்களின் பன்னாட்டு வடிவம்' என்கிறது. அதாவது நம்ம 1, 2, 3. தேவநாகரி எண் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் அரசியல் நிர்ணய சபையில் மல்லுக்கட்டி, கடைசியில் 1949 செப்டம்பர் 14இல் இந்தப் பெயரில் கைகுலுக்கினார்கள். வெளிநாட்டு எண் என்று எதிர்த்தவர்களுக்கு 'இந்திய', மாற்றாதே என்றவர்களுக்கு 'பன்னாட்டு'. எண் என்னவோ இருந்த இடத்தில்தான் இருந்தது.

செய்திமடலுக்குப் பயன்படும் விஷயம் இவ்வளவுதான்: அமைச்சர் 'எடுத்துக்கொள்ளலாம்' என்று சொன்னதை 'எடுத்துக்கொள்ளப்படும்' என்று மாற்றிவிடாதீர்கள். தமிழில் ஒரு விகுதிதான் வித்தியாசம். பொருளில் ஒரு நிதிநிலை அறிக்கை வித்தியாசம்.

---

கல்மேடை

தலைப்புக்கு நான் சொல்கிறேன். நாளிதழ் மேசையில் 'தகவல்' என்றொரு தாயத்து உண்டு. "விரைவில் மேம்பாலம்: அமைச்சர் தகவல்". வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, தகவல்தானே? 'உறுதி' என்று போட்டால் பொய்யாகும் வாய்ப்பு உண்டு. உங்கள் மடலுக்கு இரண்டுமே வேண்டாம். 'பதில்' என்று போடுங்கள். "மேம்பாலம்: பரிசீலனையில் இருப்பதாக அமைச்சர் பதில்". கவர்ச்சி இல்லை; ஆனால் அடுத்த மாதம் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

தலைப்புச் சொற்களுக்கும் கட்சி உண்டு என்பதைக் கவனியுங்கள். ஒரே மாதிரி வாக்கியத்தை ஆளுங்கட்சி சொன்னால் 'உறுதி', எதிர்க்கட்சி சொன்னால் 'சூளுரை', அதிகாரி சொன்னால் 'அறிவுறுத்தல்', நீதிமன்றம் சொன்னால் 'அதிரடி'. குரலை உயர்த்தினால் 'ஆவேசம்', உயர்த்தாவிட்டால் 'காட்டம்'. எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதில் உங்கள் சாய்வு தெரிந்துவிடும். குடியிருப்போர் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரரும் இருப்பார்கள். 'கூறினார்' போதும். 'என்றார்' அதைவிட நல்லது.

கட்சி அறிக்கையில் கண்டனத்துக்கும் படிநிலை இருக்கிறது. 'கவலை அளிக்கிறது' என்றால் தவறு செய்தது கூட்டணிக் கட்சி. 'கண்டனத்துக்குரியது' என்றால் கூட்டணி ஆட்டம் கண்டிருக்கிறது. 'கடும் கண்டனம்' என்பதுதான் அடிப்படை அளவு. கடுமையில்லாத கண்டனத்தை அச்சில் பார்ப்பது அபூர்வம். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்றால் அறிக்கையோடு முடிந்தது. ஆர்ப்பாட்டத்துக்கு நாளும் இடமும் கொடுத்திருந்தால் மட்டும் செய்தி.

நீக்கப்பட்ட பேச்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். அவைத் தலைவர் நீக்கியதை வெளியிடுவது அவையின் உரிமை மீறலாகும் என்பதை சர்ச்லைட் இதழ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அவை நடவடிக்கைகளைப் பெரும்பாலும் உண்மையாக, கெட்ட நோக்கமின்றி வெளியிடுவதற்கு அரசியலமைப்பின் 361ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. நீக்கிய பகுதிக்கு அந்தக் குடையை நம்பிப் போகாதீர்கள். நேரலையில் ஊரே கேட்ட சொல்லை நாம் மட்டும் கேளாத மாதிரி எழுதுவது வேடிக்கைதான். "உறுப்பினர் கூறிய ஒரு கருத்து அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது" என்று எழுதினால் போதும். மக்களவையில் 380ஆவது விதிப்படி நீக்குவார்கள். அச்சிட்ட பதிவில் அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் நிற்கும்.

நாடாளுமன்றப் பண்புக்கு ஒவ்வாத சொற்களைத் தொகுத்து மக்களவைச் செயலகம் புத்தகமே போடுகிறது. சொல்லக் கூடாத சொற்கள் அத்தனையும் ஒரே இடத்தில் ஒழுங்காக அச்சாகிக் கிடைப்பது அதில்தான். 'கோட்சே' அந்தப் பட்டியலில் இருந்தது. நாசிக் தொகுதியிலிருந்து ஹேமந்த் கோட்சே உறுப்பினராக வந்தபோது அவருடைய குடும்பப் பெயரே அவைக்கு ஒவ்வாத சொல்லாக இருந்தது. அவர் முறையிட்ட பிறகு 2015இல் தடை நாதுராமின் பெயரோடு சேர்த்துச் சொல்வதற்கு மட்டும் என்று சுருக்கினார்கள்.

---

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றி. கையில் இருக்கும் ஒரு பதிலை வைத்துச் சோதிக்கிறேன். அச்சிட்ட வாசகம் இது: "மேற்படி இடத்தில் மேம்பாலம் அமைப்பதற்கான சாத்தியக்கூறு இருப்பின், போக்குவரத்துச் செறிவின் அடிப்படையிலும் நிதி ஆதாரத்திற்கேற்பவும் முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும்." இதை எப்படிச் சுருக்குவது? இதற்கு மேல் என்ன கேட்பது?

---

கோப்புப்பூச்சி

கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாங்க. வினை 'பரிசீலிக்கப்படும்'. கட்டுவதாக எங்கும் இல்லை. பரிசீலிப்பதற்கே நாலு நிபந்தனை: சாத்தியக்கூறு, போக்குவரத்துச் செறிவு, நிதி, முன்னுரிமை. 'முன்னுரிமை' என்றால் முதலில் என்று நினைப்போம். எல்லா ஊருக்கும் முன்னுரிமை என்றால் அது வரிசை என்று பொருள். நீங்கள் எத்தனையாவது என்று சொல்லவில்லை.

சுருக்கம்: "மேம்பாலம் கட்டுவது பற்றி அரசு இன்னும் முடிவெடுக்கவில்லை. சாத்தியக்கூறும் நிதியும் இருந்தால் பரிசீலிப்பதாக அமைச்சர் எழுத்துப் பதிலில் கூறியிருக்கிறார்." கூடவே வினா எண், நாள். முடிந்தது.

---

வாலாயம்

மேலே கேட்பதற்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005. 6(1) பிரிவின் கீழ் மனு. கட்டணம் 10 ரூபாய், தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். துறை மாறிப் போயிருந்தால் அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும், உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

தோற்கிற மனுக்கள் பெரும்பாலும் ஒரு சொல்லால் தோற்கின்றன: 'ஏன்'. "ஏன் இன்னும் பாலம் கட்டவில்லை?" என்று கேட்டால், இது தகவல் அல்ல, விளக்கம் கோருவது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சட்டம் தருவது கையில் இருக்கும் ஆவணத்தை. புதிதாகக் காரணம் யோசித்துச் சொல்லும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்குக் கிடையாது. 'எப்போது கட்டுவீர்கள்' என்பதும் அப்படியே. "விரைவில்" என்று ஒரு தபால் வரும்.

மாறாக இப்படிக் கேளுங்கள். இன்ன நாளில், இன்ன எண்ணுள்ள வினாவுக்கு அளித்த பதில் தொடர்பான கோப்பின் எண். அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். சாத்தியக்கூறு ஆய்வு நடந்திருந்தால் அதன் அறிக்கை நகல். நடக்கவில்லையென்றால் 'நடக்கவில்லை' என்ற தகவல். போக்குவரத்துக் கணக்கெடுப்பு எடுக்கப்பட்ட நாளும் அதன் முடிவும். முன்னுரிமைப் பட்டியலின் நகல், அதில் இந்த இடத்தின் வரிசை எண். நிதித் துறைக்குக் கருத்துரு அனுப்பியிருந்தால் அதன் நாளும், வந்த பதிலின் நகலும். ஒவ்வொன்றும் தனி எண்ணிட்ட கேள்வியாக, ஒரு கேள்வியில் ஒரே ஆவணம். சேர்த்துக் கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மீதிக்கு 'மேற்கண்டவாறு' என்று போடுவார்கள்.

நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. மனுவை விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒப்புகையோடு அனுப்புங்கள், வில்லை ஒட்டிய பிறகு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.